பதினெட்டு லிட்டர்

'வசதி' என்ற சொல்லை இன்று நாம் வழங்கும் பொருள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. வடமொழியில் அது தங்குமிடத்தைக் குறிக்கும் சொல். தமிழ்ப் பேரகராதியிலும் இருப்பிடம் என்னும் பொருள் பதிவாகியிருக்கிறது. உறைவிடத்தைக் குறித்த சொல் எப்போது, எப்படி, உறைவிடத்திலுள்ள சுகங்களைக் குறிக்கும் சொல்லாயிற்று என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். வகுப்பில் பலமுறை சொல்லிவந்த இந்தத் தகவல் எனக்கு உண்மையிலேயே உறைத்தது கடந்த ஜனவரியில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில், ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டிக்குள் ஆறு நாட்கள் தங்கியிருந்தபோதுதான்.

வண்டி என்று சொன்னது மோட்டார்ஹோம் வகையில் ஆகச் சிறியது. சரக்கு வேனின் உடலுக்குள் ஒரு படுக்கை, இரட்டை அடுப்பு, சிறு குளிர்பெட்டி, ஒரு மூலையில் குளிப்பதற்கும் கழிப்பதற்கும் சேர்த்து ஓர் அலமாரி அளவு இடம். பீனிக்ஸ் நகரில் வசிக்கும் என் சித்தி மகன் இதை வைத்திருக்கிறான். நாங்கள் போனது குவார்ட்ஸைட் என்ற சிற்றூருக்கு வெளியே விரிந்து கிடக்கும் அரசு நிலத்துக்கு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரண்டாயிரத்து நானூறு பேர்தாம் அவ்வூரின் மக்கள் தொகை. குளிர்காலத்தில் மட்டும் வடக்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் வண்டிவண்டியாக ஆட்கள் வந்து இறங்கி, ஊரைச் சுற்றிலும் ஒரு வெள்ளை நகரம் முளைத்துவிடுகிறது. நில மேலாண்மைப் பணியகம் என்ற அந்நாட்டுக் கூட்டரசுத் துறையின் பொறுப்பில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியில் எவரும் போய்ப் பொதுவாகப் பதினான்கு நாட்கள் வரை தங்கலாம். மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், சாக்கடை எதுவும் கிடையாது. இப்படித் தங்குவதை அவர்கள் 'பூண்டாக்கிங்' என்கிறார்கள். மலையைக் குறிக்கும் 'பூந்தோக்' என்ற தகாலோகுச் சொல்லைப் பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனதன் எச்சம் இது. குறிஞ்சிச் சொல் ஒன்று பாலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது நண்பர்களிடமிருந்து இரண்டு விதமான எதிர்வினைகள் வந்தன. ஒருவர், இது பணக்காரர்கள் வறுமையை விளையாடிப் பார்க்கும் கூத்து என்றார். இன்னொருவர், எளிய வாழ்வு, இயற்கையோடு இயைதல் என்று நெகிழ்ந்து தோரோவை இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலாமவர் அந்த வண்டிகளில் வசிப்பவர்களைப் பார்த்ததில்லை. இரண்டாமவர் அந்த வண்டிகளின் கணக்கைப் பார்த்ததில்லை. அந்த வாழ்க்கை முழுவதும் கணக்குதான். அதில் சௌகரியமாக இருப்பதற்கும் அவதிப்படுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, என் அனுபவத்தில், எத்தனை சாதனங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்ததாகவே இல்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். வண்டியின் தொட்டி எண்பது லிட்டர். எங்கள் வீட்டுக் கூரைமேல் இருக்கும் தொட்டி ஆயிரம் லிட்டர். அது நிரம்பி வழிந்தால் ஒழிய அதன் இருப்பே எனக்கு நினைவில் வராது. இங்கே முதல் நாள் மாலையிலேயே என் தம்பி ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தினான். குளிக்கும்போது நனைத்துக்கொண்டு குழாயை அடைத்துவிட வேண்டும். சோப்புப் போட்டபின் திறந்து கழுவிக்கொள்ள வேண்டும். மொத்தம் ஐந்தாறு லிட்டருக்குமேல் போகக்கூடாது. அமெரிக்க வீடுகளின் பூத்தூவாலைக் குழாய் ஒரு நிமிடத்திலேயே அதைவிட அதிகம் கொட்டிவிடும். பாத்திரங்களை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் நீரைத் தொட வேண்டும். அரிசி களைந்த நீர் கீழே போகாது. அதில்தான் தட்டுகளின் முதற்கழுவல். இந்தக் கடைசி விஷயம் அவன் கண்டுபிடித்ததன்று. எங்கள் பாட்டி கிணற்றடியில் செய்தது. மூன்றாம் நாள் காலையில் குழாய் ஓடும் ஓசையைக் கேட்டே எவ்வளவு போகிறது என்று சொல்லும் நிலைக்கு நான் வந்திருந்தேன். அது கஞ்சத்தனமாக எனக்குத் தோன்றவில்லை. தொட்டியில் நாற்பது லிட்டர் இருக்கிறது, அது இன்னும் மூன்று நாள் வரும் என்று தெரிந்து படுப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. ஆயிரம் லிட்டர்த் தொட்டியின் கீழே நான் அத்தகைய நிம்மதியோடு படுத்ததாக நினைவில்லை.

மின்சாரமும் இப்படித்தான். கூரைமேல் 200 வாட் சூரியத் தகடுகள். விளம்பரத்தைப் படிப்பவர் 200 வாட் என்றால் நாளெல்லாம் 200 வாட் வரும் என்று நினைத்துக்கொள்வார். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து தாழப் போகிறது. தகடோ கூரையில் படுத்துக் கிடக்கிறது. நாளொன்றுக்கு ஐந்நூற்றைம்பது வாட் மணி கிடைத்தால் அதிகம். குளிர்பெட்டிக்கே நானூறு போய்விடும். இரவில் வெப்பமூட்டியின் விசிறிக்கு நூற்றைம்பது, கைப்பேசிகள், மடிக்கணினி, விளக்கு. வரவைவிடச் செலவு சற்று அதிகம். துண்டுவிழுவதை மின்கலம் தாங்குகிறது. லித்தியம் மின்கலத்தை ஏறக்குறைய முழுவதும் இறக்கலாம். பழைய ஈயக்கலத்தைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆனால் லித்தியத்துக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனால் அதற்கு மின்னேற்றம் செய்யக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் மலைப்பகுதிக்குப் போய், தகட்டில் வெயில் அடிக்க, மின்கலம் ஏற்க மறுக்க, விழித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டாம்.

முதல் நாள் நான் ஒரு தவறு செய்தேன். தம்பி வெளியே நாற்காலி விரித்துக்கொண்டிருந்தபோது, காபி வடிகட்டிக்காக மின்கெண்டியில் தண்ணீர் வைத்தேன். அரை லிட்டர்தான். உள்ளே வந்தவன் மின்கல அளவுமானியைப் பார்த்துவிட்டு, 'அண்ணா, இந்தக் காபி அம்பத்தஞ்சு வாட் மணி' என்றான். பிறகு அவனே கணக்குப் போட்டுக் காட்டினான். அந்த அளவு மின்சாரத்தில் படுக்கைத் தலைமாட்டிலிருந்த சிறு விளக்கு பதினெட்டு மணி நேரம் எரிந்திருக்கும். அடுப்பில் எரிவாயுவில் வைத்திருந்தால் கணக்கில் வராத செலவு. ஒளி மலிவு, குளிர்பதனம் நடுத்தரம், சூடு உண்டாக்குவது மகா செலவு. இந்தத் தரவரிசை தெரிந்துவிட்டால் பாதிச் சாதனங்களை வாங்க வேண்டியதில்லை. வீட்டில் எல்லாம் ஒரே மாதிரியான சொடுக்கிகளாக இருப்பதால் ஒரு விளக்கும் ஒரு வெந்நீர்ப் பொறியும் நமக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன.

குளிரைப் பற்றித்தான் எனக்கு மிகத் தவறான எண்ணம் இருந்தது. அங்கே ஜனவரியில் பகல் இதமானது. இரவு ஐந்தாறு பாகைக்கு இறங்கிவிடும். நம்மூர்க்காரன் புத்திப்படி எல்லா இடுக்குகளையும் அடைத்து, சன்னல்களுக்குப் பளபளக்கும் காப்புத்திரையை மாட்டிப் படுத்தேன். விடியற்காலையில் முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது. வண்டியின் உட்சுவர் முழுக்க வியர்த்திருந்தது. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் வெளியிடும் நீரைச் சேர்த்தால் அரை லிட்டர் அளவுக்கு வரும். அது குளிர்ந்த தகரத்தைக் கண்டதும் நீராகிப் படுக்கையை நனைக்கிறது. ஈரமான போர்வை குளிரைவிட மோசமானது. அடுப்பை ஏற்றி அறையைச் சூடாக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குமேல் நீராவி உண்டாகிறது. அத்துடன், காற்று போதாதபோது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். அதில் தூங்கியவர்கள் எழுவதில்லை. எனவே செய்ய வேண்டியது, கடுங்குளிரிலும் கூரைத் திறப்பை இரண்டு விரல் அளவு திறந்துவைத்து, எதிர்ப்பக்கச் சன்னலையும் சிறிது திறந்துவிட்டு, நல்ல போர்வைக்குள் படுப்பது. புகைபோக்கி வெளியே உள்ள வெப்பமூட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் மணியைக் கழற்றி வைக்கவே கூடாது. என் தம்பி கடுகு தாளித்துக் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப்போட்டபோது உள்ளே இருந்த புகைமணி அலறியது வேறு கதை. அதன்பிறகு தாளிப்பு வெளியே, மடக்குமேசைமேல், ஒற்றை அடுப்பில் நடந்தது. காற்று எதிர்த்திசையில் வீசியதால் யாரும் புகார் செய்யவில்லை.

வெப்பத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கோடையில் அவ்வூரில் 40 பாகையைத் தாண்டும். வண்டிகளின் குளிரூட்டி 1500 வாட்டை நெருங்கிக் குடிக்கும். எங்கள் கூரைத் தகடுகள் அதற்குச் சோளப்பொரி. அதனால் பெரும்பாலோர் குளிரூட்டுவதில்லை, போய்விடுகிறார்கள். குவார்ட்ஸைட் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. அதே மாநிலத்தின் பிளாக்ஸ்டாஃப் இரண்டாயிரத்து நூறு மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு பாகை குறையும் என்பது பள்ளிப் பாடம். வண்டிக்குச் சக்கரம் இருப்பதன் பயனை இதைவிடத் தெளிவாக நான் புரிந்துகொண்டதில்லை.

நிற்க. பாலை என்றதும் தமிழ் படித்தவனுக்குச் சங்கப் பாடல்கள் நினைவுக்கு வராமல் போகாது. அங்கே எயினரும் மறவரும் வாழ்ந்தார்கள். மற்றவர்கள் பாலையைக் கடந்தார்கள். பொருள்தேடிக் கடந்தார்கள், உடன்போக்கில் கடந்தார்கள். தங்கிச் சுகப்படுவதற்காகச் சுரத்துக்குப் போன தலைவன் ஒருவனும் என் வாசிப்பில் இல்லை. குவார்ட்ஸைட்டிலும் ஒரு காலத்தில் கடந்தவர்கள்தாம் இருந்தார்கள். அவ்வூர்க் கல்லறையில் உச்சியில் ஒட்டக உருவம் வைத்த ஒரு சிறு கற்பிரமிடு நிற்கிறது. 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களைச் சோதித்துப் பார்த்தபோது அவற்றை ஓட்ட உதுமானியப் பேரரசிலிருந்து வந்த ஹாஜி அலியின் நினைவிடம் அது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. 1902இல் இறந்தவருக்கு 1935இல் பிரமிடு எழுப்பினார்கள். தண்ணீரைத் தன்னுள்ளேயே சுமந்து திரியும் விலங்கு என்று ஒட்டகத்தைப் பற்றி மக்கள் தவறாக நம்புகிறார்கள் (திமிலில் இருப்பது கொழுப்பு). இப்போது அந்த ஊரைச் சுற்றி நிற்கும் வண்டிகளுக்கு அந்த நம்பிக்கை அப்படியே பொருந்துகிறது.

இலக்கியத்தில் இந்த வண்டிகளுக்கு ஒரு மூதாதை உண்டு. ஜான் ஸ்டைன்பெக் 1960இல், சரக்கு டிரக் ஒன்றின் முதுகில் சிறு வீடு பொருத்தி, சார்லி என்ற தன் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றினார். வண்டிக்கு டான் குவிக்சாட்டின் குதிரைப் பெயரை வைத்தார்: ரோசினாந்தே. 1962இல் வந்த 'டிராவல்ஸ் வித் சார்லி' அந்தப் பயணத்தின் நூல். அதே ஆண்டில்தான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த நூலில் எனக்கு மிகப் பிடித்தது துணிதுவைக்கும் ஏற்பாடு. மூடியுள்ள ஒரு வாளியில் துணியும் நீரும் சோப்புமாகப் போட்டு, வண்டிக்குள் ரப்பர்க் கயிற்றில் தொங்கவிட்டுவிடுகிறார். சாலையின் குலுக்கலே துவைத்துவிடுகிறது. சாதனங்களைச் சேர்ப்பவரின் மனம் வேறு, இருப்பதன் இயல்பைப் பயன்படுத்துபவரின் மனம் வேறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன் பல ஆண்டுகளாக. பிறகு, 2010இல் அதே வழித்தடத்தில் சென்று பார்த்த பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர், ஸ்டைன்பெக் பெரும்பாலான இரவுகளை விடுதிகளிலும் மனைவியுடனும் நண்பர் வீடுகளிலும்தான் கழித்திருக்கிறார் என்று வாதிட்டார். பயணநூலின் நம்பகத்தன்மை பற்றிய சர்ச்சை எழுந்தது. ஜே பரீனி 2012இல் வந்த பதிப்பின் முன்னுரையில், இதைப் புனைவெழுத்தாளரின் நூலாகப் படிக்கவேண்டும் என்ற பொருள்பட எழுத நேர்ந்தது.

என் வாசக நண்பர்கள் பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு அப்படி இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், இதயக்கோளாறுக்குப் பின், ஒரு மனிதர் நல்ல மெத்தையையும் வெந்நீர்த் தொட்டியையும் தேடிப் போனதில் என்ன குற்றம்? அவர் சொல்லாமல் விட்டதுதான் குற்றம் என்றால், அதே குற்றம் இன்று இந்த வாழ்வை விற்கும் எல்லாக் காணொளிகளிலும் இருக்கிறது. அவற்றில் சன்னலுக்கு வெளியே மலை இருக்கிறது, படுக்கைமேல் வெள்ளை விரிப்பும் காபிக் கோப்பையும் இருக்கின்றன. கழிவறைப் பேழையை யாரும் காட்டுவதில்லை.

அதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். இதுவரை சுற்றிவளைத்ததற்குக் காரணம் எனக்கே தெரியும்.

சிறிய வண்டிகளின் கழிப்பிடத்துக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். கேசட் என்கிறார்கள். கொள்ளளவு 18 லிட்டர். வண்டியின் வெளிப்புறத்தில் சிறு கதவைத் திறந்து இதை உருவி எடுக்கலாம். பயணப்பெட்டிபோல இழுக்கச் சக்கரமும் கைப்பிடியும் உண்டு. இருவர் பயன்படுத்தினால் மூன்று நாளில் சிவப்பு விளக்கு எரியும். அதைக் கழிவேற்கும் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஒரு குழியின் வாயில் மூக்கைத் திருப்பிக் கவிழ்த்து, அதற்கென்று தனியாக இருக்கும் குழாயில் அலசி, மருந்து ஊற்றித் திரும்பக் கொண்டுவந்து செருக வேண்டும். கண்ட இடத்தில் கொட்டுவது சட்டப்படி குற்றம். நிறைந்தால் ஏறத்தாழ 18 கிலோ.

மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. ஊருக்குள் போய்த் தண்ணீர் பிடிக்கவும் வேண்டியிருந்தது. கழிவு நிலையத்தில் நிறுத்தியதும் நான் இறங்கினேன். தம்பி கையுறையை மாட்டிக்கொண்டே, 'நீங்க இருங்கண்ணா, நான் பாத்துக்கிறேன்' என்றான். நான் இருந்துகொண்டேன். ஐந்து நிமிட வேலை. குழாயில் நன்னீர் நிரப்பும் பொறுப்பை நான் ஏற்று, மிகுந்த கவனத்துடன், மறுபக்கம் பார்த்தபடி செய்தேன். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. அவன் இளையவன், மரியாதை தெரிந்தவன், அதில் நன்றிக்கு என்ன இருக்கிறது என்று மனம் எண்ணியிருக்க வேண்டும். அன்று மாலைதான் யோசித்தேன். சீனியரின் பெட்டியை ஜூனியர் தூக்குவது, மூத்தவரின் தட்டை இளையவர் எடுப்பது, ஆணின் தட்டைப் பெண் எடுப்பது என்று நம்மிடம் மரியாதை எப்போதும் அழுக்கைக் கீழ்நோக்கியே தள்ளுகிறது. தள்ளித்தள்ளி, கடைசியில் அது யாரிடம் போய் நிற்கிறது என்பது இந்தக் கட்டுரையைப் படிக்கும் எவருக்கும் தெரியாததில்லை.

என் பாட்டி வீட்டுத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. முன்வாசல் தெருவிலிருந்து அந்தச் சந்துக்குப் போக வழி கிடையாது. காலையில் அந்தச் சந்தில் ஒரு தகரவாளிச் சத்தம் கேட்கும். நான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்காதபடி ஊர் கட்டப்பட்டிருந்தது. பின்னாளில் தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படித்து உருகியிருக்கிறேன், மாணவர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன், திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வந்தபோது விவாதங்களில் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நாற்பது வயது கடந்தும் என் கழிவு எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது.

எங்களுக்குச் சற்றுத் தள்ளி, பழைய வேன் ஒன்றில் ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். வாடகை கட்டி மாளாமல் மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டு வண்டிக்கு வந்துவிட்டவர். ஜெசிக்கா புரூடரின் 'நோமட்லேண்ட்' நூல் 2017இல் வந்தது. அதைத் தழுவிய படம் 2021இல் ஆஸ்கர் வென்றது. இவர்களைப் போன்றோரின் கதைதான் அது. பணக்காரர்களின் கூத்து என்ற என் நண்பருக்கு இந்த அம்மையாரைத்தான் காட்ட வேண்டும். அவரிடம் லித்தியம் கிடையாது, வெப்பமூட்டி கிடையாது. இரண்டு ஈயக்கலங்கள், ஒரு தகடு, நிறைய கம்பளி. ஆனால் அந்த ஆறு நாட்களில் நான் கண்ட மனிதர்களில் மிகச் சௌகரியமாக இருந்தவர் அவர்தான். வண்டியை எந்தத் திசையில் நிறுத்தினால் காலை வெயில் பக்கக் கதவு வழியாக உள்ளே விழும், எந்தச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்தால் தலைமாடு சற்று உயர்ந்து படுக்கை சமமாகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பொறியியல் படித்த என் தம்பி நீர்மட்டக் கருவியை வைத்து அரைமணி நேரம் திணறியதை, அவர் மேசைமேல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, அது உருளும் பக்கத்தைப் பார்த்து முடித்தார். அதற்காக அவருடைய வறுமையை நான் போற்றப்போவதில்லை. பல்வலிக்கு மருத்துவம் பார்க்கப் பணமில்லாமல் எல்லையைத் தாண்டி மெக்சிகோவுக்குப் போய்வந்த கதையையும் அவரே சொன்னார். அளவறிந்து வாழும் திறமை வேறு, ஒரு செல்வந்த நாடு தன் முதியவர்களை அந்த அளவில் விட்டுவைத்திருப்பது வேறு. ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை மறைத்துவிடலாகாது.

ஆறாம் நாள் காலை, ஊர் திரும்பும் வழியில், அதே கழிவு நிலையம். எங்களுக்கு முன் வரிசையில் அந்த அம்மையாரின் வேன். அவர் தன் பெட்டியைத் தானே இழுத்து வந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, கவிழ்த்து, அலசி, கைகழுவிவிட்டு எங்களுக்குக் கையசைத்தார். முகத்தில் அருவருப்போ பெருமிதமோ எதுவும் இல்லை. தட்டுக் கழுவும் முகம். எங்கள் முறை வந்ததும் நான் கையுறையைக் கேட்டேன். தம்பி தயங்கினான். 'வேண்டாம்ணா, பெரியப்பா கேட்டா என்னைத்தான் திட்டுவார்' என்றான். என் அப்பாவைச் சொல்கிறான்; அவர் திட்டத்தான் செய்வார். கையுறையை வாங்கிக்கொண்டேன்.

கனமாக இருந்தது. நாற்றம் நான் பயந்த அளவுக்கு இல்லை. மருந்தின் மணம்தான் தூக்கலாக இருந்தது. மூக்குக் குழாயின் மூடியைத் திறந்து சாய்க்கும்போது காற்றுவிடும் பொத்தானை அழுத்த மறந்ததால் குபுக்கென்று என் கால்சட்டையில் தெறித்தது. அவ்வளவுதான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஞானம் எதுவும் கிட்டவுமில்லை.

காந்தி தன் சுயசரிதையில் டர்பன் வீட்டுச் சம்பவம் ஒன்றை எழுதியிருக்கிறார். வீட்டில் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின், பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த கிறித்துவர் அவர், சிறுநீர்க் கலத்தைக் கஸ்தூர்பா எடுத்துக் கழுவ வேண்டும், அதுவும் முகம் கோணாமல் செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும், அழுதவரைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்ததும் அதில் வருகின்றன. காந்தியின் பிடிவாதத்துக்கான சான்றாகவும் ஆணாதிக்கத்துக்கான சான்றாகவும் அது மேற்கோள் காட்டப்பட்டுவருகிறது, இரண்டும் சரியே. எனக்கு இப்போது அதில் வேறொன்று படுகிறது. அந்த வீட்டின் அறைகளில் சாக்கடைக்குப் போகும் வழி கிடையாது, கலங்கள்தாம் இருந்தன. கலத்தைத் தூக்குவது யார் என்ற கேள்வி ஒவ்வொரு காலையும் எழுந்தே தீரும். குழாய் அந்தக் கேள்வியை இல்லாமல் ஆக்கவில்லை, வேறிடத்துக்கு அனுப்பிவைத்தது. மின் இணைப்பும் குழாயும் சாக்கடையும் அற்ற அந்த வண்டிக்குள் அது மறுபடி என் காலடியில், 18 லிட்டர்ப் பெட்டியாக வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே சௌகரியமாக இருப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு மெத்தையையும் மின்கலத்தையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். இந்தப் பெட்டியைத் தூக்கக் கூசுகிறவருக்கு அங்கே ஒரு வசதியும் இல்லை. பார்த்தவரையில், கூச்சத்தினால் உண்ணுவதைக் குறைப்பவர்களும், நீர் குடிப்பதைக் குறைப்பவர்களும், நள்ளிரவில் நான்கு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்குப் போகிறவர்களும்தாம் மிகவும் அவதிப்படுகிறார்கள். முதல் மூன்று நாட்கள் நானும் அப்படித்தான் இருந்தேன்.

இதை எழுதத் தூண்டியது சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று. எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை, கழிவுத்தொட்டிதான். நிரம்பியிருந்தது. உறிஞ்சு லாரிக்குச் சொல்லியனுப்பினேன். ஓட்டுநரும் இரண்டு தொழிலாளர்களும் வந்தார்கள். குழாயை விட்டு உறிஞ்சியபின் அடியில் கெட்டிப்பட்ட மண்டி மிஞ்சியது. இருவரில் இளையவர் சட்டையைக் கழற்றத் தொடங்கினார். 1993இல் ஒரு சட்டம், 2013இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம்; இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023இல் அது முப்பது லட்சமாயிற்று. இவ்வளவும் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கலாம். இறங்க வேண்டாம் என்றேன். 'இறங்கலன்னா அடிமண்டி அப்படியேதான் கெடக்கும் சார், ஆறு மாசத்துல மறுபடி கூப்பிடுவீங்க' என்றார் ஓட்டுநர். கூப்பிடுகிறேன் என்றேன். அவர் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தார்; பேசிய கூலி குறையுமோ என்ற சந்தேகமும் அதில் இருந்திருக்கும். குறையாது என்று சொன்னபிறகு இளையவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மண்டியில் தண்ணீரைப் பாய்ச்சிக் கரைத்து உறிஞ்சிப் பார்க்கலாம், எவ்வளவு தண்ணீர் விட வேண்டியிருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றார் ஓட்டுநர். 'தொட்டி எத்தனை லிட்டர் சார்?'

எனக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக அந்த வீட்டில் இருக்கிறேன். அப்பாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. இளையவர் கொல்லையில் கிடந்த ஒரு மூங்கில் கழியை எடுத்துவந்து, திறப்பின் ஓரத்தில் குந்தி, அதை உள்ளே விட்டு அளக்கத் தொடங்கினார்.